பனிப்பாதையில் ஒரு சுமை



மட்டக்களப்பு வாவியின் ஓரத்தில் வாழும் நமக்கு மலை என்பது தொலைவில் நீலநிறமாய்த் தெரியும் ஒரு காட்சி மாத்திரமே. நம் நிலம் சமமானது. வயலும் மணலும் நீரும் ஒன்றோடொன்று கலந்து கிடப்பது. எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குச் செல்ல நாம் மலை ஏறவோ பள்ளத்தில் இறங்கவோ வேண்டியதில்லை. நீரைக் கடந்தாற் போதும். 2014 ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படுவதற்கு முன்பு, துறையிலே காத்திருந்து, பாதையில் ஏறி அக்கரை சேர்ந்த நாட்களை உங்களிற் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். பாதை புறப்படும் வேளையில், தொலைவில் ஒருவர் கையை அசைத்துக்கொண்டு ஓடி வருவார். அவருக்காகக் காத்திருப்பதா, புறப்பட்டுவிடுவதா என்னும் கேள்வி அப்போது எழும். வானம் தெளிந்திருக்கும் நாளில் அது சிறிய கேள்விதான். மாரி காலத்து மாலையில், காற்று எழுந்து மழை இருண்டு வரும்போது, அதே கேள்வி பெரிதாகிவிடும்.

இக்கேள்வியை, தம் உயிரே பணயமாக நின்ற ஓரிடத்தில் எதிர்கொண்ட ஒரு மனிதரை இவ்வாரம் நினைவுகூருவோம். அவரே சாது சுந்தர் சிங். உங்கள் பாட்டனார் வீட்டுச் சுவரில், காவி அங்கியும் தலைப்பாகையும் தாடியுமாக அமைந்த அவரது படத்தை நீங்கள் சிறுவயதில் கண்டிருக்கக்கூடும். கண்டவர்களிற் சிலர் அதனை ஆண்டவருடைய படமென்றே எண்ணியிருப்பீர்கள்.

எரிக்கப்பட்ட புத்தகம்

சுந்தர் சிங் 1889 ஆம் ஆண்டு செப்டெம்பர் 3 ஆம் திகதி, பஞ்சாபிலுள்ள ராம்பூர் என்னும் கிராமத்தில், வசதி வாய்ந்த சீக்கியக் குடும்பமொன்றிற் பிறந்தார். அவரது தாயார் ஆழ்ந்த பக்தியுடையவர். மகன் உலகப் பொருளை நாடாமல் ஒரு சாதுவாக வாழவேண்டும் என்பது அந்தத் தாயின் ஆசை. ஏழு வயதிலேயே பகவத்கீதையை மனனம் செய்யுமளவிற்கு அவர் மகனை வளர்த்தார். பதினான்கு வயதில் சுந்தர் தாயை இழந்தார். அந்த இழப்பு அவரைக் கடுமையாக வாட்டியது. மிஷன் பாடசாலையிற் கற்பிக்கப்பட்ட வேதாகமத்தின்மேல் அவருடைய கோபம் முழுவதும் திரும்பியது. 1904 டிசம்பரில், சுவிசேஷப் புத்தகத்தைத் தந்தையின் கண்முன்பாகவே கிழித்து நெருப்பிலிட்டார்.

புத்தகம் எரிந்ததேயன்றி மனம் ஆறவில்லை. மூன்றாம் நாள் அதிகாலையில் எழுந்து குளிர்ந்த நீரில் ஸ்நானம் பண்ணி, கடவுள் ஒருவர் உண்டானால் தமக்கு வழிகாட்ட வேண்டும் என்று மன்றாடினார். பதில் கிடையாவிட்டால், விடியுமுன் அவ்வழியே செல்லும் புகையிரதத்தின் முன் தலைவைத்து உயிரை விட்டுவிடுவது என்று தீர்மானித்திருந்தார். அந்த அறையில் பேரொளி ஒன்று தோன்றியதென்றும், தாம் எதிர்பார்த்திராத இயேசுவையே அவ்வொளியிற் கண்டதாகவும் அவர் பின்னாளில் சாட்சி கூறினார்.

அன்றுமுதல் வீட்டார் அவரை விலக்கி வைத்தனர். வீட்டை விட்டுப் புறப்படுகையில் கொடுக்கப்பட்ட உணவில் நஞ்சு கலந்திருந்தது என்றும், தாம் அரும்பொட்டில் உயிர் தப்பியதாகவும் அவர் கூறியதுண்டு. 1905 செப்டெம்பர் 3 ஆம் திகதி, தமது பதினாறாவது பிறந்தநாளில், சிம்லா நகரில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். ஒரு மாதம் சென்றதும் காவியுடை தரித்து, பாதரட்சையின்றி நடக்கத் தொடங்கினார். தாயார் ஆசைப்பட்டபடியே மகன் சாதுவானார். ஆனால் அந்தத் தாய் நினைத்திராத ஒரு பெயரைச் சொல்லும் சாதுவானார்.

சபாத்து என்னும் மலையூரில் குஷ்டரோகிகளுக்கான இல்லமொன்றில், சாமுவேல் ஸ்டோக்ஸ் என்னும் அமெரிக்கருடன் சேர்ந்து அவர் பணிசெய்தார். லாகூரில் இறையியல் கற்கச் சென்றும் நெடுங்காலம் அங்கு தங்கவில்லை. ஒரே சபைக்குள், ஒரே ஊருக்குள் அடங்கியிருக்க அவரது பாதங்கள் ஒப்பவில்லை. அப்பாதங்கள் கல்லிலும் முள்ளிலும் கிழிந்து இரத்தம் கசிந்தமையால், இரத்தம் தோய்ந்த பாதங்களையுடைய அப்போஸ்தலர் என்னும் பெயர் அவருக்கு உண்டாயிற்று.

மலைக்கு மேல் ஒரு வழி

1908 ஆம் ஆண்டில், பத்தொன்பதாவது வயது நிறையும் முன்பே, அவர் முதன்முறையாகத் திபெத் நாட்டை நோக்கிப் புறப்பட்டார். சிம்லாவிலிருந்து கோட்கர் வழியாகச் செல்லும் பழைய வர்த்தகப் பாதை, சட்லெஜ் ஆற்றின் பெரும் பள்ளத்தாக்கை ஒட்டி ஏறியும் இறங்கியும் திபெத்திய எல்லைவரை நீண்டது. கம்பளியும் உப்பும் ஏற்றிய விலங்குகளோடு வணிகர்கள் சென்ற வழி அது. எல்லைக்கு அண்மையில், பூ என்னும் மலைக்கிராமத்தில், மொராவிய மிஷனரிமார் பல்லாண்டுகளாகத் தங்கி ஊழியம் செய்துவந்தனர். அதற்கப்பால் கிராமங்கள் அருகும். ஓரூருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே ஒரு முழுநாள் நடை இருக்கும். சில இடங்களில் அந்த ஒருநாள் நடைக்குள் ஒரு மலைத்தொடரையே கடக்கவேண்டியிருக்கும்.

அத்தகைய ஒருநாள் நடை எப்படிப்பட்டது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். நம் நாட்டின் மிக உயர்ந்த மலையாகிய பீதுருதாலகால 2,524 மீற்றர் உயரமுடையது. இமயத்தின் அப்பகுதிகளிலுள்ள கணவாய்களிற் சில அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு உயரத்தில் உள்ளன. ஆயிரம் மீற்றர் ஏறும்போது வெப்பநிலை சராசரியாக ஆறு பாகைக்கு மேல் குறைகிறது. ஐயாயிரம் மீற்றர் உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு, நம் கடற்கரையிற் கிடைப்பதில் ஏறக்குறையப் பாதியே. பத்து அடி நடந்தால் நின்று மூச்சு வாங்கவேண்டும். தண்ணீரும் அங்கே குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுவதால் சோறு எளிதில் வேகாது.

பனிப்புயல் எழுந்துவிட்டால் வழி மறைந்துபோகும். கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் வெண்மையாய் இருக்கும். பாதை எது, பள்ளம் எது என்று பிரித்தறிய முடியாது. இவற்றிலும் பெரிய ஆபத்து களைப்பு. உடலின் சூடு குறையக் குறைய, நடுக்கம் நின்று ஓர் இனிய மயக்கம் வருகிறது. சற்றே உட்கார்ந்து எழும்பலாம் என்று தோன்றுகிறது. உட்கார்ந்தவர் பெரும்பாலும் எழும்புவதில்லை. ஆகையால் இருட்டுமுன் அடுத்த ஊரை அடைவது ஒன்றே பயணிகளின் குறிக்கோளாக இருக்கும்.

இத்தகைய வழிகளிலே, ஒரு கம்பளியையும் புதிய ஏற்பாட்டையும் மாத்திரம் எடுத்துக்கொண்டு, சாது பல கோடைக்காலங்களில் நடந்தார். சில ஊர்களில் உணவும் தங்க இடமும் கிடைத்தன. வேறு சில ஊர்களில் அவர் விரட்டியடிக்கப்பட்டார். குகைகளிலும் மரநிழல்களிலும் இரவைக் கழித்தார்.

அந்த ஒரு நாள்

அப்பயணங்களில் ஒரு நாளைப் பற்றி அவர் தமது கூட்டங்களில் எடுத்துரைப்பதுண்டு. மலைத்தொடர் ஒன்றைக் கடந்து ஒரு கிராமத்தை நோக்கிச் செல்லும்போது கடும்பனி பெய்யத் தொடங்கியது. தனியே செல்ல அஞ்சிய திபெத்தியர் ஒருவர் அவருடன் வழித்துணையாகச் சேர்ந்துகொண்டார். குளிர் வரவர மிகுந்தது. ஊர்போய்ச் சேருவோமா என்ற ஐயம் இருவரையும் பிடித்தது. அவ்வேளையில், பாதைக்குக் கீழே ஏறக்குறைய முப்பது அடி ஆழத்தில், சரிந்து விழுந்த ஒரு மனிதர் பனியில் உணர்விழந்து கிடப்பதை அவர்கள் கண்டனர்.

இருவருமாக அவரைத் தூக்கிக்கொண்டு செல்லலாம் என்று சாது கூறினார். வழித்துணைவர் அதற்கு இணங்கவில்லை. தங்கள் உயிரே ஊசலாடும்போது மற்றொருவரைக் காப்பாற்ற முனைவது மதியீனம் என்று சொல்லி, தம் வழியே விரைந்து போய்விட்டார்.

அன்பானவர்களே, அந்தத் திபெத்தியரை நாம் அவசரப்பட்டுக் குற்றவாளியாக்க வேண்டாம். அவர் அந்த மண்ணில் பிறந்தவர். குளிர் என்ன செய்யும் என்பதைச் சாதுவைக் காட்டிலும் நன்கறிந்தவர். அவர் போட்ட கணக்கிலும் பிழை காண்பது கடினம். ஒரு மணி நேரத் தாமதம் மூன்று மரணங்களாக முடியலாம். விரைந்து நடந்தால் இருவராவது பிழைக்கலாம். நாமும் அவ்விடத்தில் நின்றிருந்தால் அதே கணக்கைத்தான் போட்டிருப்போம்.

சாது கணக்குப் பார்க்கவில்லை. சரிவில் இறங்கினார். விழுந்துகிடந்தவரைச் சிரமப்பட்டு முதுகில் ஏற்றிக்கொண்டு மேலே வந்தார். ஒவ்வோர் அடியாகப் பனியில் கால்பதித்து நடந்தார். நெடுந்தூரம் சென்றபின், வழியோரத்தில் ஒருவர் அமர்ந்திருப்பதைக் கண்டார். தம்மை விட்டுப் பிரிந்துபோன துணைவரே அவர். சாது கூப்பிட்டும் பதில் வரவில்லை. இளைப்பாற அமர்ந்தவர் அமர்ந்தபடியே குளிரில் விறைத்து மரித்திருந்தார்.

சாதுவோ, சுமையோடு நடந்த உழைப்பினால் உடல் சூடேறியிருந்தார். அந்தச் சூடு முதுகிலிருந்தவருக்கும் பரவ, அவர் மெல்ல உணர்வு பெற்றார். இருவரும் உயிரோடு கிராமத்தை அடைந்தனர். தசைகள் உழைக்கும்போது உடல் செலவிடும் சக்தியிற் பெரும்பங்கு வெப்பமாகவே வெளிப்படுகிறது என்பதை மருத்துவம் அறிந்தவர்கள் நமக்குச் சொல்வார்கள். வேகத்தைக் குறைத்த அந்தச் சுமையே குளிரை விலக்கி வைத்தது. தன் உயிரைக் காத்துக்கொள்ள முயல்பவன் அதை இழப்பான் என்று ஆண்டவர் போதித்த பாடத்திற்குத் தாம் கண்ட விளக்கமாகவே சாது இந்நிகழ்ச்சியைக் கூறிவந்தார்.

நம் நாட்டிற்கும் வந்தார்

1918 ஆம் ஆண்டில் சாது தென்னிந்தியாவிலும், பின்னர் நம் இலங்கைத் தீவிலும் பிரயாணம் செய்தார். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஜனங்கள் திரளாகக் கூடி, மொழிபெயர்ப்பாளர் வாயிலாக அவரது சாட்சியைக் கேட்டனர். அடுத்து வந்த ஆண்டுகளில் பர்மா, மலாயா, சீனா, ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்கா, அவுஸ்திரேலியா, ஐரோப்பா என்று அவரது பாதங்கள் உலகைச் சுற்றின. தமிழரான ஏ. ஜே. அப்பாசாமி, ஆங்கில அறிஞர் ஸ்ட்ரீட்டருடன் இணைந்து 1921 இல் அவரைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். பின்னாளில் பேராயரான அப்பாசாமியே 1958 இல் அவரது வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார்.

புகழ் பெருகியபோது கேள்விகளும் எழுந்தன. 1920களில் ஐரோப்பிய அறிஞர்களிடையே அவரைப் பற்றிப் பெரும் விவாதம் மூண்டது. அவர் கூறிய திபெத்திய நிகழ்ச்சிகள் பலவற்றுக்குச் சாட்சிகள் இல்லை என்று சிலர் எழுதினர். அவர் மெய்யர் என்று வேறு சிலர் வாதாடினர். நம் கதைக்கும் இது பொருந்தும். துணைவர் மரித்துவிட்டார், மீட்கப்பட்டவரின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. சொன்னவர் சாது ஒருவரே. இதை நாம் மறைக்கவேண்டியதில்லை. ஒரு மனிதரின் சொல்லை அளக்க வேறு அளவுகோல் இல்லாதபோது, அவரது வாழ்வையே அளவுகோலாகக் கொள்ளவேண்டியிருக்கிறது. அவரது வாழ்வு முடிந்த விதத்தைப் பாருங்கள்.

திரும்பாத பயணம்

உலகப் பிரயாணங்களின் பின் சாதுவின் உடல்நலம் குன்றியது. சபாத்துவில் ஒரு வீட்டில் தங்கி, தியானத்திலும் நூல்கள் எழுதுவதிலும் நாட்களைக் கழித்தார். இருதயம் பலவீனமடைந்தது, கண்பார்வையும் மங்கியது. அன்பர்கள் நிறைந்த பட்டணமொன்றில் எஞ்சிய காலத்தை அவர் கௌரவத்தோடு கழித்திருக்கலாம். ஆனால் மலைக்கு அப்பாலுள்ள கிராமங்கள் அவரை அழைத்துக்கொண்டே இருந்தன. 1927 இல் புறப்பட்டு, நோயுற்று, வழியிலிருந்து திரும்பினார். 1929 ஏப்ரல் மாதத்தில், நண்பர்கள் தடுத்தும் கேளாமல், மறுபடியும் திபெத் நோக்கி நடந்தார்.

அவர் திரும்பி வரவில்லை. தேடிச் சென்றவர்களுக்கு அவரைப் பற்றிய தடயமொன்றும் அகப்படவில்லை. 1933 இல் அரசாங்கம் அவர் மரித்ததாகக் கொண்டது. அப்போது உயிரோடிருந்தால் அவருக்கு நாற்பத்து நான்கு வயதுதான் ஆகியிருக்கும். அவருக்குக் கல்லறை இல்லை. எந்தக் கணவாயில், எந்தச் சரிவில் அவர் விழுந்தாரோ, அங்கே அவரை முதுகில் ஏற்றிச் செல்ல ஒருவரும் வரவில்லை.

நாம் கற்கவேண்டியது

பிரியமான வாசகரே, பனிமலைக் கதையைப் பிரசங்கங்களில் நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். பிறரைக் காப்பாற்று, நீயும் பிழைப்பாய் என்பதே அதன் பாடமாக நமக்குச் சொல்லப்படுகிறது. அது நல்ல பாடம். ஆயினும் வாவிக்கரையில் வாழும் நாம் அதை அவ்வளவு எளிதாய் ஏற்றுக்கொண்டு போய்விட முடியாது.

1978 நவம்பரில் வீசிய சூறாவளியை நம்மில் மூத்தோர் அறிவர். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி காலையில் கல்லடியிலும் நாவலடியிலும் டச்பாரிலும் திருச்செந்தூரிலும் நடந்ததை நாம் யாவரும் அறிவோம். அன்று பிறரைக் காக்கத் திரும்பி ஓடியவர்கள் எல்லாரும் பிழைக்கவில்லை. பிள்ளையைத் தூக்கப் போன தாயும், முதியவரைச் சுமக்கப் போன இளைஞரும் நீரோடு போனதுண்டு. இறுகப் பற்றியிருந்த கையை அலை பிரித்துவிட, தாம் மாத்திரம் கரையேறி, அந்தக் கையின் நினைவோடு இத்தனை ஆண்டுகளாக உறங்க முடியாதிருப்பவர்களும் நம் நடுவில் உண்டு. சுமந்தவர் பிழைப்பார், விட்டவர் மாள்வார் என்பது ஒரு நியதியாகுமானால், இவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது என்ன?

சாதுவின் வாழ்வை முழுமையாகப் பார்த்தால் இதற்கு வெளிச்சம் கிடைக்கிறது. சரிவில் இறங்கியபோது, அந்தச் சுமை தமக்குச் சூடு தரும் என்று அவர் அறிந்திருக்கவில்லை. அறிந்து இறங்கியிருந்தால் அது அன்பாகாது. குளிருக்கு ஒரு கம்பளியைத் தேடியதாகவே முடிந்திருக்கும். சாகக்கூடும் என்று தெரிந்தே இறங்கினார். அன்று பிழைத்தார். பல ஆண்டுகளின் பின் அதே அன்போடு அதே மலையில் ஏறினார். அன்று திரும்பவில்லை. முதல் நாளில் அவரது அன்பு சரியாக இருந்தது, பின்னைய நாளில் பிழையாகிவிட்டது என்று நம்மிற் யார் சொல்லத் துணிவோம்? பிழைத்ததும் பிழையாததும் தேவனுடைய கையில் இருந்தன. இறங்குவது மாத்திரமே அவர் கையில் இருந்தது. கல்வாரிக்கு ஏறிய நம் ஆண்டவரும் தம்மை இரட்சித்துக்கொள்ளாமலே அல்லவா மற்றவர்களை இரட்சித்தார்!

ஆகவே, அன்று நீங்கள் பற்றியிருந்த கையை நீர் பிரித்திருந்தால், நீங்கள் விட்டுப்போனவர் அல்லர். நீங்கள் சரிவில் இறங்கியவர். சுமை உங்கள் முதுகிலிருந்து பறிக்கப்பட்டது. நீங்கள் அதை எறிந்துவிடவில்லை. இதை ஆண்டவர் அறிவார். அவர் உங்களைக் குற்றப்படுத்தவில்லை. நீங்களும் உங்களைக் குற்றப்படுத்தாதிருங்கள்.

எஞ்சிய நமக்கோ, சரிவில் விழுந்துகிடப்பவர்கள் ஒவ்வொரு நாளும் வழியில் தென்படுகிறார்கள். கடன்சுமையால் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் அயல்வீட்டார், படுக்கையில் விழுந்த பெற்றோரைத் தனியே பார்த்துக் களைத்துப்போன சகோதரி, மதுவினால் வீட்டாராலும் கைவிடப்பட்ட இளைஞர். அவர்களைக் கண்டதும் நம் உள்ளத்திலும் வழித்துணைவரின் கணக்கு எழும்புகிறது. நமக்கே நேரமில்லை, நமக்கே பணமில்லை என்கிறோம். கணக்குச் சரியாகவே இருக்கலாம். ஆயினும் நல்ல சமாரியனின் உவமையில் விலகிப் போனவர்களிடமும் சரியான காரணங்கள் இருந்திருக்கும் என்பதை மறவாதிருப்போம்.

இவ்வாரத்தில் அத்தகைய ஒருவருடைய வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே செல்லுங்கள். பெரிய உதவி ஒன்றும் செய்ய இயலாதிருக்கலாம். ஒரு மணி நேரம் அவரருகே அமர்ந்திருங்கள். அவர் சுமப்பதில் ஒரு பங்கை உங்கள் தோளில் ஏற்றிக்கொள்ளுங்கள். அதனால் உங்களுக்கு நன்மை உண்டாகுமோ உண்டாகாதோ என்று முன்கூட்டிக் கேளாதிருங்கள்.

ஜெபிப்போம்: அன்பின் ஆண்டவரே, விழுந்துகிடப்பவரைக் காணும் கண்களையும், இறங்கிச் செல்லும் பாதங்களையும் எங்களுக்குத் தாரும். சுமக்க முயன்று இழந்தவர்களைத் தேற்றியருளும். எங்களைச் சுமந்து வருகிறவர் நீரே என்பதை நாங்கள் மறவாதிருக்கச் செய்தருளும். ஆமென்.